தொடர்பைத் தொடங்கியது யார்?

2015 ஜனவரியில், டாக்காவில் உள்ள பங்களாதேஷ் வங்கியின் ஊழியர்கள் சிலருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வேலை தேடும் ஒருவர் பணிவாக எழுதியிருந்தார். தன்னைப் பற்றிய விவரக் குறிப்பை இறக்கிப் பார்க்க ஒரு லிங்க்கும் கொடுத்திருந்தார். சிலர் அதைத் தட்டினார்கள். அந்த வழியாக உள்ளே நுழைந்தவர்கள் ஓராண்டு சத்தமில்லாமல் காத்திருந்தார்கள். 2016 பிப்ரவரி 4ஆம் தேதி இரவு, வார விடுமுறைக்காக வங்கி மூடிய பிறகு, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்த பங்களாதேஷ் நாட்டின் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை மாற்றச் சொல்லி 35 உத்தரவுகள் போயின. பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய், அதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் மட்டும், பெறும் அமைப்பின் பெயரில் இருந்த எழுத்துப் பிழை சந்தேகத்தைக் கிளப்பியதால் நிறுத்தப்பட்டுத் திரும்பி வந்தது.

ஒரு நாட்டின் மத்திய வங்கிக்குள் நுழைய உதவியது ஒரு வேலை விண்ணப்பம். அதே முறைதான் இன்று தென்காசியில் ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியருக்கும், திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு எழுதுபவருக்கும் வருகிறது. வேடம் மட்டும் மாறுகிறது: மின்கட்டணம், கூரியர், வங்கி கேஒய்சி, திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம்.

இணையப் பாதுகாப்பு என்றதும் பலர் அது பொறியாளர்களின் வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. அன்றாட வாழ்க்கைக்குத் தேவையான பாதுகாப்பில் பெரும்பகுதி கணினி அறிவே அல்ல, பழக்கம். அதில் முதல் பழக்கம் ஒரு கேள்வி: இந்தத் தொடர்பைத் தொடங்கியது நானா, அவர்களா?

நீங்களே வங்கியின் ஆப்பைத் திறந்து பணம் அனுப்பினால் நீங்கள் தொடங்கியது. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவர் அழைத்தால் அவர் தொடங்கியது. அவர் தொடங்கிய எந்த உரையாடலிலும் பணம், ஓடிபி, பின், கடவுச்சொல், ஆப், லிங்க் என்ற பேச்சு வந்தால் உரையாடலை அங்கேயே முடித்துவிட வேண்டும். பிறகு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழியில் நீங்களே போய் விசாரிக்க வேண்டும். அவர் உண்மையிலேயே வங்கிக்காரராக இருந்தாலும் இதனால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஐந்து நிமிடம் போகும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே தெரிந்த வழி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பலர் அழைப்பைத் துண்டித்துவிட்டு, கூகுளில் அந்த வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுகிறார்கள். தேடலில் முதலில் வருவது மோசடிக்காரர்கள் போட்டுவைத்த எண்ணாகவே இருக்கலாம். அந்த அழைப்பை நீங்கள்தான் தொடங்கினீர்கள், ஆனால் போய்ச் சேர்ந்த இடம் அவர்களுடையது. ஆகவே எண்ணை ஏடிஎம் கார்டின் பின்புறத்திலிருந்தோ, பாஸ்புக்கிலிருந்தோ, ஆப்பின் உள்ளிருந்தோ எடுக்க வேண்டும். இந்திய வங்கிகளின் இணையதள முகவரிகள் டாட் பேங்க் டாட் இன் என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு, 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தது. முகவரியின் முடிவைப் பார்ப்பது நல்ல பழக்கம். வங்கி, காப்பீடு போன்ற நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கென்று 1600 என்று தொடங்கும் எண் வரிசையும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து ஒருவர் வங்கி மேலாளர் என்று சொன்னால் அப்போதே சந்தேகம் வர வேண்டும். ஆனால் திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்டவும் முடியும் என்பதால், எண் சரியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடக் கூடாது. துண்டித்துவிட்டு நீங்களே அழைப்பதுதான் உறுதியான சோதனை.

இந்த ஒரு கேள்வி எத்தனை வலைகளை அறுக்கிறது என்று பாருங்கள்.

‘இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் பேசவும்’ என்று செய்தி வருகிறது. அவர்கள் தொடங்கியது. மின்வாரிய ஆப்பிலோ கட்டண மையத்திலோ நீங்களே போய்ப் பாருங்கள், பாக்கி இருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று முடியும் ஒரு கோப்பு, திருமண அழைப்பிதழ் என்றோ ஆர்டிஓ சலான் என்றோ பெயர் தாங்கி, தெரிந்த உறவினர் எண்ணிலிருந்தே வருகிறது. அழைப்பிதழ் படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும், ஆப்பாக வராது. ஏபிகே என்பது ஆண்ட்ராய்டில் ஒரு ஆப்பை நிறுவும் கோப்பு. அதை நிறுவினால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்களை அது படித்து ஓடிபியை வேறொருவருக்கு அனுப்பும். உங்கள் பெயரில் உங்கள் உறவினர்களுக்கும் அதே கோப்பை அனுப்பும். அந்த உறவினர் எண்ணிலிருந்து வந்ததன் காரணம் அதுதான்.

யுபிஐ பற்றி ஒரே ஒரு விதி போதும்: பணம் பெறுவதற்கு பின் தேவையில்லை, கியூஆர் கோடை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. பணப் பரிமாற்றத்தில் பின் அழுத்தினால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகிறது என்றே பொருள். பழைய சோபாவை விற்க விளம்பரம் போட்டவரிடம், ‘முன்பணம் அனுப்புகிறேன், இந்த கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்’ என்று சொல்லியே எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறார்கள். தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் யுபிஐ வழியே பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை இந்தத் தொல்லைக்காகவே தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது. கியூஆர் கோடு வழியான ஏமாற்று இன்னும் இருக்கிறது.

போலீஸ் வேடத்தில் வீடியோவிலேயே ‘கைது’ செய்வதாக மிரட்டும் டிஜிட்டல் அரெஸ்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் மாட்டுகிறவர்களில் மருத்துவர்கள், பேராசிரியர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் எனப் படித்தவர்கள் நிறைய. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் ஆதாரில் ஆரம்பித்த கணக்கில் கறுப்புப் பணம் புழங்கியது என்று தொடங்குகிறார்கள். அழைப்பு வீடியோவுக்கு மாறுகிறது. காக்கிச் சீருடை, பின்னால் இலச்சினை, மேசையில் கோப்புகள். கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் வழக்கில் சிக்குவார்கள் என்கிறார்கள். மணிக்கணக்கில், சில வழக்குகளில் நாட்கணக்கில் இது நீள்கிறது. கடைசியில், உங்கள் பணம் சுத்தமானதா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும், இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், சோதித்துத் திருப்பித் தருவோம் என்கிறார்கள்.

வீடியோ அழைப்பில் ஒருவரைக் கைது செய்யும் வழி இந்தியச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று தன் மாதாந்திர வானொலி உரையில் பிரதமரே இதைச் சொல்லி எச்சரித்தார். இருந்தும் மக்கள் மாட்டுகிறார்கள் என்றால் அறிவுக் குறைவு அதற்குக் காரணமில்லை. பயமும் தனிமையும் சேர்ந்தால் எவருக்கும் நிதானம் போய்விடும். மோசடிக்காரர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அதனால்தான் முதல் வேலையாக உங்களை வீட்டாரிடமிருந்து பிரிக்கிறார்கள். எனவே இந்த வலைக்கு மட்டும் தனியாக ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று ஒருவர் சொன்னால், அந்தக் கணமே எழுந்துபோய் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் சரி. வெளியாள் ஒருவரின் காதில் விழுந்ததுமே அந்தக் கதை நிற்காது.

இன்னொரு தந்திரம், உங்கள் திரையைப் பார்க்க ஒரு ஆப்பை நிறுவச் சொல்வது. எனிடெஸ்க் போன்றவை நல்ல வேலைக்காக உருவானவைதான். ஆனால் அவற்றின் வழியே நடக்கும் மோசடி பற்றி 2019இலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. திரையைக் காட்டினால் ஓடிபியையும் காட்டியதாகவே ஆகும். அதுபோல நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதோ ஓர் எண்ணை அழுத்தச் சொன்னாலும் செய்யாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளை வேறொரு எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை அது.

சாவிகள்

இனி வருவது யாரும் அழைக்காமலே நடக்கும் திருட்டு. இதற்கு, முன்பு சொன்ன கேள்வி உதவாது. முன்கூட்டியே செய்துவைக்கும் வேலைதான் உதவும்.

உங்கள் மின்னஞ்சல் கணக்கிலிருந்து தொடங்குங்கள். பலர் வங்கிக் கணக்கைத்தான் முதலில் பூட்ட நினைக்கிறார்கள். ஆனால் எந்தச் சேவையிலும் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால், புதியதை அமைக்கும் வழி பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. வீட்டின் எல்லாச் சாவிகளும் தொங்கும் ஆணி போன்றது அது. மின்னஞ்சல் ஒருவன் கையில் போனால் ஃபேஸ்புக், ஆன்லைன் கடைகள், கூகுளில் சேமித்த படங்கள், வருமான வரித் தளம் என்று ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போகலாம்.

கடவுச்சொல்லில் பலரும் செய்யும் பெரிய தவறு, ஒன்றையே பல இடங்களில் வைப்பது. நீங்கள் என்றோ ஒருநாள் செருப்பு வாங்கிய சிறிய இணையக் கடையின் தகவல்தொகுப்பு திருடு போகிறது என்று வையுங்கள். திருடியவர்கள் அந்த மின்னஞ்சல்–கடவுச்சொல் ஜோடிகளை எடுத்து ஜிமெயில், அமேசான் என்று ஆயிரம் தளங்களில் இயந்திரத்தை வைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் கடையில் உங்கள் பணம் ஒரு ரூபாய்கூடப் போயிருக்காது. ஆனால் மின்னஞ்சல் போயிருக்கும். ஆஸ்திரேலியரான ட்ராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற இலவசத் தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், இதுவரை வெளிவந்த எந்தெந்தக் கசிவுகளில் அது இருக்கிறது என்று காட்டும். பல ஆண்டுகளாக ஒரே முகவரியை வைத்திருக்கும் எவரும் ஒருமுறை பார்க்க வேண்டியது அது.

நல்ல கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும்? பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்று என்ற விதியை அலுவலகங்களில் கேட்டிருப்பீர்கள். அந்த வகை அறிவுரைக்குப் பெரிய ஊற்று, அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் என்பவர் 2003இல் எழுதிய ஓர் ஆவணம். 2017இல் அந்த நிறுவனமே அந்த விதிகளைக் கைவிட்டது. தான் எழுதியதில் பலவற்றுக்காக வருந்துவதாக பில் பர்ரும் சொன்னார். காரணம் எளிது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் பழைய சொல்லின் கடைசியில் 1, 2, 3 என்று சேர்ப்பார்கள். இயந்திரத்துக்கு அதைக் கண்டுபிடிப்பது விளையாட்டு. நீளம்தான் உண்மையான பலம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். ஆட்டுக்கல், தபால், மின்மினி, ஏழரை என்பது போல. இந்த எடுத்துக்காட்டையே வைத்துவிடாதீர்கள். குழந்தையின் பெயர், பிறந்த ஆண்டு, குலதெய்வத்தின் பெயர் மூன்றும் வேண்டாம். உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்தே யூகிக்க முடியும்.

எல்லாவற்றையும் மனத்தில் வைக்க முடியாது. பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் மேலாளர் ஆப் அதற்குத்தான் இருக்கிறது. கூகுளிலும் ஆப்பிளிலும் உள்ளேயே அந்த வசதி உண்டு. ஆப் சரிவராத பெரியவர்கள் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைக்கட்டும். எழுதி வைக்கவே கூடாது என்ற பழைய பயமுறுத்தலை நான் ஏற்கவில்லை. வெளிநாட்டில் உட்கார்ந்து திருடுபவனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஆனால் யுபிஐ பின்னையும் ஏடிஎம் பின்னையும் எங்கும் எழுதக் கூடாது.

அடுத்தது இரண்டடுக்குச் சரிபார்ப்பு. கடவுச்சொல் திருடு போனாலும் இரண்டாவது ஒரு சான்று இல்லாமல் உள்ளே வர முடியாது. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி, ஒன்றும் இல்லாததற்கு நல்லது. ஆனால் உங்கள் பெயரில் போலி ஆவணம் கொடுத்து உங்கள் எண்ணுக்கே வேறொரு சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவர்களுக்குப் போய்விடும். முப்பது நொடிக்கு ஒருமுறை எண் மாறும் ஆதென்டிகேட்டர் ஆப் அதைவிடப் பலமானது. இப்போது வந்திருக்கும் பாஸ்கீ முறை இன்னும் பலமானது. உங்கள் கைரேகையோ போனின் பூட்டோ போதும், போலித் தளத்தில் அது வேலையே செய்யாது. மின்னஞ்சலுக்கு இவற்றில் ஒன்றை இன்றே அமையுங்கள். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் பகுதியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்ற இடத்தில் ஆறு இலக்க பின் ஒன்றை வையுங்கள். நண்பரின் எண்ணிலிருந்து ‘உன் போனுக்கு ஒரு கோடு வந்திருக்கும், தவறிப்போய் உனக்கு அனுப்பிவிட்டேன், சொல்’ என்று வந்தால் அது உங்கள் வாட்ஸ்அப்பைப் பறிக்கும் கோடு. மற்றவர்களுக்கெல்லாம் சிக்னல் இருக்க, உங்கள் போனில் மட்டும் திடீரென்று மணிக்கணக்கில் சிக்னல் இல்லை என்றால், உடனே வேறொரு போனிலிருந்து சிம் நிறுவனத்தை அழையுங்கள்.

ஆதார் பற்றி ஒரு சொல். பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த விரல்ரேகைகளைப் பிரதியெடுத்து, ஆதார் வழியே பணம் எடுக்கும் முறையில் கணக்கைத் துடைத்த வழக்குகள் நம் நாட்டில் பதிவாகியுள்ளன. இதற்கு ஓடிபியும் தேவைப்படவில்லை. ஆதார் ஆப்பிலோ ஆணையத்தின் தளத்திலோ பயோமெட்ரிக் பூட்டு என்ற வசதி இருக்கிறது. பூட்டிவிட்டால் உங்கள் விரல்ரேகையால் எதையும் சரிபார்க்க முடியாது. தேவைப்படும்போது நீங்களே சற்று நேரத்துக்குத் திறக்கலாம். ரேஷன் கடையில் கைரேகை வைப்பவர்கள் மட்டும் அதை நினைவில் வைத்துச் செய்ய வேண்டும். விடுதியிலோ வாடகை வீட்டிலோ நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கவும், தொலைந்த போனை எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாமல் முடக்கவும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் 2023 மே முதல் இருக்கிறது.

அப்டேட் விஷயத்தில் ஒரு வரலாறே போதுமான பாடம். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட், விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை வெளியிட்டது. மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீய நிரல் அதே ஓட்டை வழியாகச் சுமார் 150 நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. இடையில் இரண்டு மாதம் இருந்தது. அப்டேட் செய்த கணினிகளில் அந்த ஓட்டை இல்லை. போனிலும் கணினியிலும் தானாக அப்டேட் ஆகும்படி வைத்துவிட்டால் இதைப் பற்றி மீண்டும் யோசிக்கவே வேண்டாம்.

வேலையிடத்தில்

கடை, பள்ளி அலுவலகம், ஏற்றுமதி நிறுவனம் எதுவானாலும் முதல் ஆபத்து இது: வழக்கமாகச் சரக்கு அனுப்பும் நிறுவனத்திடமிருந்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்பவும்’ என்று மின்னஞ்சல். பழைய கடிதத் தொடரின் கீழேயே அது வரலாம்; அவர்களுடைய மின்னஞ்சல் பறிபோயிருந்தால் அப்படித்தான் வரும். கணக்கு எண் மாற்றம் என்று வந்தால், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் பேசி உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் போகக் கூடாது. மின்னஞ்சலிலேயே கொடுத்திருக்கும் எண்ணில் பேசுவது பயனற்றது. முதலாளியின் படத்தை வைத்த புதிய வாட்ஸ்அப் எண்ணிலிருந்து ‘மீட்டிங்கில் இருக்கிறேன், உடனே இந்தத் தொகையை அனுப்பு’ என்று வந்தாலும் இதே விதி. முதலாளிகள் இங்கே ஒன்று செய்ய வேண்டும்: சரிபார்க்க அழைக்கும் கணக்காளரைத் திட்டக் கூடாது. ‘நான் சொல்லியும் சந்தேகமா’ என்று ஒருமுறை கோபித்துக்கொண்டால் அடுத்தமுறை அவர் கேட்காமலே அனுப்பிவிடுவார்.

குரலையும் இப்போது செயற்கை நுண்ணறிவால் போலியாக்க முடிகிறது. ஆகவே குடும்பத்துக்குள்ளும் சிறு அலுவலகத்துக்குள்ளும், அவசரத்தில் பணம் கேட்டால் சொல்ல வேண்டிய ஒரு ரகசியச் சொல்லைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் பன்னாட்டுப் பரிவர்த்தனை அமைப்பிலிருந்து துபாய், துருக்கி, சீனாவுக்கு மூன்று போலி உத்தரவுகள் போயின. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். அன்று அந்த அமைப்போடு இணைந்த பிரிண்டர் வேலை செய்யவில்லை. மறுநாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்து, மற்ற வங்கிகளுக்குத் தகவல் பறந்தது. ஒரு தொகை உடனே தடுக்கப்பட்டது. அன்றாடம் கணக்கை ஒத்துப் பார்க்கும் அந்தப் பழைய வங்கி வழக்கம்தான் திருட்டைக் காட்டிக்கொடுத்தது. மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட் பார்க்கும் சிறுதொழில்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பேக்கப்பின் அருமை 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தெரிந்தது. சர்வர்கள் முடக்கப்பட்டு, நாட்டின் முதன்மை மருத்துவமனை பல நாட்கள் நோயாளிப் பதிவைக் காகிதத்தில் எழுதியது. உங்கள் கணக்குக் கோப்புகள், வாடிக்கையாளர் பட்டியல், குடும்பப் படங்கள் எல்லாம் மூன்று பிரதிகளாக, இரண்டு வெவ்வேறு வகைக் கருவிகளில், அவற்றில் ஒன்று வேறொரு இடத்தில் இருக்கட்டும். ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்த பிறகு அதைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்திருந்தால் பூட்டும் நிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒரு கணினியில் தீய நிரல் இருந்தது உறுதியானபோது, அது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கணினி என்றும், முக்கியமான உள்வலையமைப்பிலிருந்து அது பிரிக்கப்பட்டிருந்தது என்றும் இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. பிரித்து வைப்பதன் பயனை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கடையின் பில்லிங் கணினியில் பிள்ளைகள் விளையாட வேண்டாம். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபை வேறாக இருக்கட்டும். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நுழைவு இருக்கட்டும். வேலையை விட்டுப் போனவரின் நுழைவை அன்றே நீக்குங்கள்.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறோம்’ என்று கேட்பவர்கள் திருடிய பணத்தைக் கைமாற்ற இடம் தேடுகிறார்கள். வழக்கு வந்தால் முதலில் போலீஸ் வருவது கணக்கு வைத்திருப்பவர் வீட்டுக்குத்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில், கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டு, அடித்து வேலை வாங்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022இல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். நமக்கு வரும் மோசடி அழைப்புகளில் சில, அப்படி அடைபட்ட ஒருவரின் வாயிலிருந்தும் வரக்கூடும்.

பணம் போய்விட்டால்

முதல் வேலை 1930 என்ற எண்ணை அழைப்பது. மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் வழியாக இந்த ஏற்பாடு நடக்கிறது. திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நிமிடங்களில் தாவும். நீங்கள் சொல்லும் தகவல் அந்தந்த வங்கிகளுக்கு உடனே போய், பணம் நிற்கும் இடத்தில் முடக்கப்படுகிறது. அதனால் முதல் ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு அதிகம். நடந்த நேரம், தொகை, உங்கள் கணக்கு எண், யுபிஐ பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பிறகு வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஏதாவது ஆப்பை நிறுவியிருந்தால் போனில் டேட்டாவை அணைத்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

உங்கள் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிகளின்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் போயிருந்து, வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் புகார் செய்தால், உங்கள் இழப்பு பூஜ்யம். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை ஏற்பட்ட இழப்பு உங்களுடையது. புகார் செய்த பிறகு நடக்கும் எந்தத் திருட்டும் வங்கியின் பொறுப்பு. இரண்டு நிலையிலும் சீக்கிரம் சொல்பவருக்கே பாதுகாப்பு. ஆனால் நம்மவர்கள் மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான், ஊர் சிரிக்கும் என்று நாட்களைக் கடத்துகிறார்கள். பணத்தை இழந்தவரை ‘இவ்வளவு படித்தும் இப்படியா’ என்று கேட்பது அடுத்தவரை வாய் திறக்காமல் செய்யும். வீட்டில் ஒருவருக்கு இப்படி நடந்தால் கேள்வி கேட்காமல் முதலில் போனை எடுத்து 1930ஐ அழையுங்கள்.

சில வாரம் கழித்து, ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் மட்டும்’ என்று ஒருவர் அழைக்கக் கூடும். ஏமாந்தவர்களின் பட்டியல் அவர்களுக்குள் கைமாறுகிறது. இதுவும் அவர்கள் தொடங்கிய தொடர்புதான்.

இதையெல்லாம் படித்தால் மட்டும் போதாது, பழக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடும் அப்பாவோடும் உட்கார்ந்து, வங்கி அதிகாரி போல நீங்களே அவர்களுக்குப் போன் செய்து மிரட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று தெரியும். ‘நான் என் பையனைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லித் துண்டிக்கும் வரை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். எந்த விளம்பரமும் இதற்கு ஈடாகாது. மறுவாரம் மின்னஞ்சலின் இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதற்கடுத்த வாரம் ஆதார் பூட்டு என்று ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் தங்காது. அதற்கெல்லாம் முன், இதைப் படித்து முடித்ததும், வீட்டில் உள்ள ஒவ்வொரு போனிலும் 1930 என்ற எண்ணைச் சேமித்துக் கொடுங்கள்.